டம்ளர் மூச்சு விடாது

பிறந்த மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. பேக்கிங் மாஸ்டர் தரையில் குப்புறப் படுத்து, பீரோவைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சை முடித்தாயிற்று. மனைவியின் தையல் மெஷினை முடித்தாயிற்று. ஸ்டூலுக்கு மூன்று கால்தான் என்பதால் அது சீக்கிரம் முடிந்தது. டிரில்லிங் மெஷின் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்துக் குரைத்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். பேக்கிங் மாஸ்டர் தூங்கினால், சுற்றியிருக்கிற சாமான்கள் அவரை நோக்கி நகரும்.

செருப்பு நிமிடத்துக்கு ஓரடி வரும். தண்ணீர்ச் சொம்பு முக்கால் அடி, அதுவும் தளும்பாமல். பீரோ கனம் என்பதால் மணிக்கு நான்கு விரற்கடைதான். அவர் விழித்ததும் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். திரும்பிப் போகாது, அவர்தான் எடுத்து வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு லாட்ஜில் ஐந்து பேரோடு தங்கியிருந்தபோது மற்றவர்களின் பெட்டிகளெல்லாம் காலையில் இவர் பாயைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, ஆள் கை நீளம் என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை அடிக்கவும் வந்தார்கள். கல்யாணமான முதல் வாரம் தையல் மெஷின் கட்டில்வரை வந்து நின்றதைப் பார்த்த மனைவி, "மெஷினுக்கே உங்களைப் புடிச்சுப்போச்சு, நான் என்ன சொல்றது" என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளும்தான் கட்டிலின் அந்த ஓரத்தில் படுத்து இந்த ஓரத்தில் விழித்தாள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

அவர் வேலை பார்த்தது வீடு காலி செய்து கொடுக்கும் கம்பெனியில். விடிவதற்கு முன்பே லாரி கிளம்பிவிடும். ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்து வீடு வந்து, இரண்டிலிருந்து ஐந்துவரை தூங்குவார். பக்கத்து வீட்டுக்காரரின் சோபா தினமும் இரண்டேகாலுக்குப் பொதுச்சுவரில் வந்து முட்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதையே மணியாக வைத்து மாத்திரை போட்டுக்கொண்டார். இந்தத் தூக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட கம்பெனி முதலாளி, ஆளை லாரிக்குள் படுக்க வைத்தால் அட்டைப்பெட்டிகள் தாமாக ஏறிக்கொள்ளுமே, கூலி மிச்சமாகுமே என்று கணக்குப் போட்டு ஒரு வாரம் அப்படியே செய்தார். எட்டாவது நாள் ஹேண்ட் பிரேக் போடாத இன்னொரு லாரி மெதுவாகக் கிளம்பி வந்தது. அதோடு முதலாளிக்கு அந்த ஆசை விட்டது.

விழித்திருக்கும்போது மாஸ்டர் பார்க்கிற வேலை வேறு. கண்ணாடிச் சாமான் பேக்கிங். டம்ளர், பூச்சாடி, விளக்கு, நிலைக்கண்ணாடி எதுவானாலும் அவர் கையால் பெட்டிக்குள் போனால் முழுசாக வெளியே வரும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அவருடைய வித்தை எளிமையானது: பெட்டிக்குள் காலி இடம் இருக்கக் கூடாது. வைக்கோல், காகிதம், பஞ்சு, பழைய துணி, எதையாவது திணித்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட வேண்டும். மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால் மறுபடி பிரிப்பார். வராவிட்டால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்று கிலோ இருநூறு கிராம். பிறந்த மறுநாள் மதியம், மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர், இரண்டு நாள் கண் விழித்த அசதியில் பன்னிரண்டு நிமிஷம் தூங்கிவிட்டார். கண் திறந்தபோது மருந்துத் தள்ளுவண்டி அவர் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது. குளுக்கோஸ் ஸ்டாண்ட் தோளில் சாய்ந்திருந்தது. பதினாறு ஜோடிச் செருப்பு காலடியில். குழந்தைக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த, சக்கரம் வைத்த கண்ணாடித் தொட்டில் பிரேக் போடாமல், இரண்டடி தள்ளிக் காலியாகக் கிடந்தது. வார்டு நர்ஸம்மா குழந்தையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டில் உருண்டு வந்திருக்கிறது, தள்ளுவண்டிக்கும் தனக்கும் நடுவே நசுங்க இருந்த பிள்ளையை நர்ஸம்மா கடைசி நொடியில் பிடுங்கியிருக்கிறாள் என்று மாஸ்டர் புரிந்துகொண்டார். மனைவி "ஒண்ணும் ஆகலைங்க" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: இந்தக் குழந்தை எங்கே தூங்கும்?

அடுத்த நாளே மச்சினியை வீட்டுக்கு வரவழைத்துப் பரிசோதனையைத் தொடங்கினார். மச்சினி என்றால் மனைவியின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம். மூன்று கிலோ இருநூறு கிராம் மணலை எடை போட்டு, ஒரு பையில் தைத்து, மனைவி வீட்டிலிருந்து வந்த ஆடும் தொட்டிலில் போட்டார்கள். மாஸ்டர் படுத்துத் தூங்க வேண்டும், மச்சினி சாக்பீஸால் தரையில் கோடு போட வேண்டும். முதல் தடவை தொட்டில் ஆடிக்கொண்டே வந்து கட்டிலை முட்டியது. மணல் பை எகிறி அவர் விலாவுக்கடியில் போய்விட்டது. எழுந்தவர் பையை இரண்டு கையாலும் வெளியே எடுத்து, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"மாமா, பயப்படாதீங்க, மணல் மூட்டை நல்லாத்தான் இருக்கு. அழவே இல்ல" என்றாள் மச்சினி.

"வாய மூடிக்கிட்டுக் கோட்டைப் போடு."

அடுத்து அவர் தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். தொட்டிலை வீசிவிட்டு ஒரு மரப்பெட்டிக் கட்டிலை எடுத்தார். நான்கு பக்கமும் பஞ்சுப் பட்டை வைத்தார். அடியில் மடித்த ரஜாய், ஓரங்களில் நான்கு தலையணை, மணல் பையின் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு, தலைக்கு வளையத் தலையணை, மேலே கம்பளிச் சால்வை, மிச்சமிருந்த மூலையில் முதலாளி வாங்கிக் கொடுத்த, கன்றுக்குட்டி அளவு இருந்த கரடி பொம்மை. படுத்துத் தூங்கி எழுந்து பார்த்தார். மணல் பை இம்மியும் அசையவில்லை. பெட்டியை லேசாக ஆட்டிக் காது வைத்துக் கேட்டார். சத்தமில்லை. மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பாக்கி இருந்தது அறையில் மற்ற சாமான்களுக்கு போல்ட் போடுவது மட்டும்தான்.

நான்காம் நாள் பீரோவின் கடைசி போல்ட்டை அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸம்மா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். குழந்தை எந்த இடத்தில் தூங்கப்போகிறது என்று வீட்டைப் பார்த்த பிறகே தாயை அனுப்புவது அவள் வழக்கம். வயதில் மாஸ்டருக்குத் தங்கை போல இருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி ஒதுக்கி சைக்கிளில் வந்திருந்தாள். அதனால் உட்காரவில்லை.

பெட்டிக் கட்டிலைப் பார்த்தாள்.

"மாஸ்டர், இது குழந்தைக்கா, பார்சலுக்கா?"

"ஆட்டிப் பாருங்க சிஸ்டர். சத்தமே வராது."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட ஆரம்பித்தாள். கரடி போனது. சால்வை போனது. தலையணை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மாஸ்டர் ஒவ்வொரு தலையணைக்கும் ஒரு காரணம் சொன்னார். அவள் ஒவ்வொரு காரணத்தையும் கேட்டுக்கொண்டே தலையணையை எறிந்தாள். துண்டு இரண்டு, வளையம், பட்டை, ரஜாய். மச்சினி எண்ணிக்கொண்டே வந்து "பதினொண்ணு" என்றாள். அடியிலிருந்த மெத்தையில் நர்ஸம்மா உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. ஓரத்தில் விரலை விட்டாள். மெத்தைக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று விரல் தாராளமாக உள்ளே போனது.

"இதுவும் வேண்டாம்."

"சிஸ்டர், பத்தொன்பது வருஷமா பேக்கிங் பண்றேன். காலி இடம் இருந்தா உள்ள இருக்கிறது உடையும்."

"டம்ளர் மூச்சு விடாது மாஸ்டர். இது விடும். மூச்சு விடறதுக்குத்தான் அந்தக் காலி இடம். மூக்குல ஒரு தலையணை ஒட்டிக்கிட்டா, அதைத் தள்ளிவிட இந்த வயசுல அதுக்குக் கை வராது."

மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் வித்தையில் யாரும் அவரை இப்படி ஒரே வரியில் கவிழ்த்ததில்லை. நர்ஸம்மா வேண்டியதை வரிசையாகச் சொன்னாள்: குழந்தை உங்கள் அறையிலேயே இருக்கட்டும், ஆறு மாசமாவது. அம்மா கை நீட்டினால் எட்ட வேண்டும். ஆனால் உங்கள் மெத்தையில் கூடாது, அதற்கென்று தனி இடம். சமமான, அழுத்தினால் பள்ளம் விழாத மெத்தை. இழுத்துச் செருகிய ஒரே விரிப்பு. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும். அதை உங்கள் கட்டிலோடு சேர்த்துப் போட்டால் நடுவில் சந்து இருக்கக் கூடாது. உள்ளே குழந்தையைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது.

"சிஸ்டர், என் தூக்கம்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "அன்னிக்கு வார்டுல நீங்க பாத்தீங்களே."

"பாத்தேன்" என்றாள் நர்ஸம்மா. கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு நீங்க என்ன வேணா போல்ட் போட்டுக்குங்க. நான் குறுக்க நிக்கல. தலையணை மட்டும் வேண்டாம்." சைக்கிளில் ஏறும்போது மச்சினியைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அது மாஸ்டர் கண்ணில் படவில்லை.

மகள் வர இரண்டு மணி நேரம் பாக்கி. கட்டிலின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் முதலில் காட்டியது, உள்ளே முழுக்கத் திண்டு வைத்துத் தைத்த, பூப்போட்ட, தொட்டால் கை அமிழ்கிற அழகான தொட்டில். பத்தொன்பது வருஷத்துக் கை தானாக அதை நோக்கிப் போனது. பார்த்தவுடனே அதற்குள் ஒரு பூச்சாடியை வைக்க வேண்டும் போல இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேற காட்டுங்க. ஒண்ணுமே இல்லாதது" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. மூலையில் கிடந்த, பெரிய கட்டிலின் பக்கவாட்டில் சேர்த்து நிறுத்துகிற, நான்கு பக்கமும் வலை வைத்த ஒரு சின்னக் கட்டிலைக் காட்டினார். பெரிய கட்டிலைப் பார்த்த பக்கத்து வலையை மட்டும் வேண்டும்போது இறக்கலாம், ஏற்றலாம். மாஸ்டர் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார், பள்ளம் விழவில்லை. ஓரத்தில் விரல் விட்டார், ஒன்றுகூட நுழையவில்லை. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார். வழியில் பார்த்தவர்களுக்கு அவர் ஏதோ கோழிக்கூண்டு வாங்கிப் போவதாகத் தோன்றியது.

அதன் பிறகு செய்தது முழுக்க அவர் தொழில். சின்னக் கட்டிலைப் பெரிய கட்டிலோடு சேர்த்து, அதோடு வந்த நாடாவால் இறுக்கி, அது போதாதென்று கால்களோடு கால்களைச் சேர்த்து லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட்டைக் கீழே சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் முடுக்கினார். நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. பிறகு பெரிய கட்டிலின் நான்கு கால்களையும் தரையோடு போல்ட் போட்டார். போல்ட் போட முடியாததெல்லாம், சொம்பு, கடிகாரம், படம், கண்ணாடி, கரடி எல்லாம், கூடத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. மனைவி குழந்தையோடு வாசலில் வந்து இறங்கியபோது அறையில் கட்டில் இரண்டு, பீரோ, பெஞ்சு, தையல் மெஷின், ஸ்டூல் தவிர வேறெதுவும் இல்லை.

"நம்ம வீட்டையும் காலி பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி.

மாஸ்டர் தன் துணிகளை ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். "நான் கொஞ்ச நாள் குடோன்ல படுத்துக்கறேன்மா. இது பெரிசாகட்டும்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். இங்கயே படுங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லை" என்றாள் மனைவி. இவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பெற்றவள், அப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் தூங்குவதில்லை என்று தீர்மானித்தார். மறுநாள் மதியம் குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையின் தலை அவர் தாடைக்குக் கீழே கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து முன்னால் நின்றாள்.

"கொடுங்க."

"நான் முழிச்சிருக்கேன்."

"கண்ணு ரெண்டும் சொக்குது. நாற்காலில பிள்ளைய வெச்சுக்கிட்டுத் தூங்கறதுதான் எல்லாத்தையும்விட மோசம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. கொடுங்க, நீங்க போய்ப் படுங்க."

குழந்தையைச் சின்னக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, வலையை ஏற்றினாள். மாஸ்டர் பெரிய கட்டிலில் படுத்து, வலை வழியாகத் தெரிந்த அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு, இதோ எழுந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். இரண்டே காலுக்குப் பக்கத்து வீட்டு சோபா சுவரில் முட்டியது. ஐந்து மணிக்குக் கண் விழித்தார். முதலில் கட்டிலுக்கடியில் தடவினார். வாசலில் விட்ட செருப்பு வந்திருந்தது. பிறகு துணிந்து தலையைத் திருப்பினார். குழந்தை வைத்த இடத்தில், வைத்த மாதிரியே மல்லாக்கக் கிடந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் அவர் இரும்புச் சாமான் கடைக்குப் போய், போல்ட் விற்றவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துப் புதுப் பெட்டியை எடுத்த கடைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு லாரி பெல்ட்டுக்காக முதலாளிக்கு நன்றி சொன்னார். நர்ஸம்மா எடை பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னார். அவள் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கம்பெனியில், குழந்தை இருக்கிற வீட்டைக் காலி செய்யப் போனால், முதலில் தொட்டிலைத்தான் போய்ப் பார்ப்பார். உள்ளே தலையணையோ பொம்மையோ கிடந்தால் வெளியே எடுத்து வைத்துவிட்டு, "டம்ளர் மூச்சு விடாதும்மா" என்பார். அந்த வீட்டுப் பெண்களுக்கு முதலில் ஒன்றும் புரியாது. அவர் உட்கார்ந்து விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தொடுவார்.

ஆறு மாதம் போனது. தினமும் இரண்டிலிருந்து ஐந்துவரை அவர் தூங்கினார், மகளும் தூங்கினாள். ஒரு நாள் மகள் கவிழ்ந்து, கைகளை ஊன்றி, முட்டியில் எழும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இப்படி எழும்ப ஆரம்பித்தால் சின்னக் கட்டிலை நிறுத்திவிட வேண்டும், விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தாள். அதே அறையில், உயரமான கம்பி வைத்த வேறு கட்டில் வந்தது. அதுவும் காலிதான். சின்னக் கட்டில் இப்போது ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த மச்சினிக்குப் போவதாக முடிவானது.

ஒரு மதிய நேரம் மாஸ்டர் பெல்ட்டைப் பிரித்தார். கட்டில் கால்களின் போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு துணியில் சுற்றி, மச்சினியிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்கோ. என் பிள்ளையக் காப்பாத்தினது இதுதான்."

மச்சினி அதைக் கையில் வாங்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா? மனுஷன் போல்ட்டக் கும்பிட ஆரம்பிச்சிருவாரு போல."

மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு வார்டுல என்ன நடந்ததுன்னு நினைக்கிறீங்க?"

"தொட்டில் உருண்டு வந்தது. சிஸ்டர் பிள்ளையப் பிடுங்கினாங்க."

"பால் குடிக்கிற நேரம்னு தூக்கினாங்க. தொட்டில் எங்க உருண்டது? பெருக்கறவங்க பிரேக்க எடுத்துட்டு மறந்து போயிட்டாங்க, உங்களுக்கும் அதுக்கும் ரெண்டடிதான். தள்ளுவண்டி வருது, ஸ்டாண்டு வருது, வார்டுல இருக்கற செருப்பெல்லாம் வருது. இவ தொட்டில் மட்டும் நின்ன இடத்துல நிக்குது. அதுமட்டுமில்ல, அந்தத் தள்ளுவண்டி நேரா வந்துச்சு, இவகிட்ட வந்ததும் நின்னுச்சு, ஒதுங்கிச் சுத்திக்கிட்டு உங்ககிட்ட போச்சு. நானும் சிஸ்டரும் கண்ணால பாத்தோம்."

"இங்கயும் அப்படித்தான் மாமா" என்றாள் மச்சினி. "உங்க செருப்பு தினமும் வாசல்ல இருந்து வரும், இவ கட்டிலச் சுத்தி வளைஞ்சு அந்தப் பக்கமாத்தான் போகும். நாங்க டீ குடிச்சுக்கிட்டே பாப்போம்."

மாஸ்டர் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார். தரையில் போட்ட துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெஞ்சுக்கு நான்கு, மெஷினுக்கு நான்கு, ஸ்டூலுக்கு மூன்று, பீரோவுக்கு நான்கு, கட்டிலுக்கு நான்கு.

"ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"சிஸ்டர்தான் வேண்டாம்னாங்க. அந்தாளு தூக்கத்தால பிள்ளைக்கு ஒண்ணும் வராது, அந்தாளு தலையணையாலதான் வரும்னாங்க." மனைவி ஊசியில் நூலைக் கோத்தாள். "நகராதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அப்ப தலையணை இருந்தா என்ன, மெத்துனுதானே இருக்கும்னு சொல்லியிருப்பீங்க. அந்தப் பதினொண்ணுல ஒண்ணையாவது வெளிய எடுக்க விட்டிருப்பீங்களா?"

மாஸ்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். கரடியை வேண்டுமானால் விட்டிருப்பார்.

மணி இரண்டாகியிருந்தது. மகளைக் கம்பிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, விரிப்பை ஒரு தடவை இழுத்துச் செருகிவிட்டு, அவரும் போய்ப் படுத்தார். வாசலில் செருப்பு கிளம்பியது.